வேலி ஓணான் ஏன் சிவக்கிறது?

“ஐயா, எங்கள் தோட்டத்து வேலியில் திரியும் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் ரத்தச் சிவப்பாக மாறியிருக்கின்றன. பாறையில் இருக்கும் இன்னொரு ஓணானுக்கு முதுகு மஞ்சளாகத் தெரிகிறது. ஏலத்துக்கு அடித்த மருந்து பட்டு இப்படி ஆகியிருக்குமா? இவற்றால் ஆட்களுக்கும் தோட்டத்துக்கும் கெடுதல் உண்டா? அடித்துப் போட்டுவிடலாமா?”

போடிமெட்டுச் சரிவில் இரண்டு ஏக்கரில் ஏலமும் காப்பியும் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், போன சித்திரையில் கேள்வி-பதில் பகுதிக்கென்று அஞ்சலட்டையில் எழுதிய கேள்வி இது. அட்டை தபால்பெட்டிக்குப் போகவில்லை. எழுதிய வாரத்திலேயே அவருக்குப் பதில் கிடைக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பதிலைத் தேடிப் போனதில், எட்டு வருடமாகக் கோர்ட்டில் கிடந்த வேறொரு கேள்வியும் கொஞ்சம் இளகியது.

அவருக்கு வயது 65. வீடும் மாந்தோப்பும் மலையடிவாரத்து முந்தலில். ஏலத்தோட்டம் மேலே, போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே. நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக்கும் மேட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். அந்த அளவு ஏறினால் வெப்பம் 6 டிகிரி போல் குறையும். வாரத்தில் நான்கு நாள் ஏறி இறங்குகிறவருக்கு இரண்டு ஊரின் வெயிலும் அத்துப்படி. கீழே காலை எட்டு மணிக்கே முதுகு சுடும். மேலே பத்து மணி வரை மஞ்சு விலகாது.

ஏலத்தோட்டத்தின் கீழ் எல்லையில் யானை படுத்ததுபோல் ஒரு பாறை. அதை ஒட்டி, கையால் அடுக்கிய பழைய கல்கட்டு. கல்கட்டுக்கு அந்தப்புறம் அவருடைய அண்ணன் தோட்டம். பாறை யாருக்கு என்பதுதான் வழக்கு. அப்பா இருந்தவரை இரண்டு பேரும் அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்தார்கள். பாகம் பிரித்தபோது பத்திரத்தில் ‘பாறைக்கு மேற்கே’ என்று ஒரு வரியும், ‘பாறை வரை’ என்று இன்னொரு வரியும் விழுந்துவிட்டன. அதிலிருந்து பேச்சு நின்றது. பாறையில் ஏலச்செடி ஒன்றுகூட நடமுடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தச் சித்திரையில் கல்கட்டைப் பிரித்துப் போட்டு, கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அதற்கு முன்னால் கல்கட்டில் படர்ந்திருந்த செடிகொடிக்குக் களைக்கொல்லி அடிக்க வேண்டும். அந்த வேலைக்குப் போனபோதுதான் ஓணான் சிவந்திருந்ததைப் பார்த்தார். கூட வந்திருந்த பேரன் கல்லை எடுத்துவிட்டான்.

“தாத்தா, அது நம்மளப் பாத்தே ரத்தத்த உறிஞ்சிரும். அதான் கழுத்து செவந்திருக்கு!”

சின்ன வயதில் அவரும் இதைத்தான் நம்பினார். ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிக்காத பையன் அந்தக் காலத்தில் அடிவாரத்தில் யார்? இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. ஆங்கிலத்திலும் இந்த ஓணானுக்கு ‘ரத்தம் உறிஞ்சி’ என்றே ஒரு பெயர் உண்டு. அது உறிஞ்சுவது எதையும் இல்லை. வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு, புழு, அந்துப்பூச்சி என்று பிடித்துத் தின்னும், அவ்வளவுதான். அதற்கு விஷமும் கிடையாது.

பேரனின் அக்கா கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவளிடம் அஞ்சலட்டையைக் காட்டினார். “தபால்ல போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பாறையப் பாருங்க தாத்தா. காலையில ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி. பாத்தத எழுதுங்க” என்றாள் அவள். ஏலக்காய் ஸ்டோரில் காய்க்கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

வெயிலுக்கு ஒரு நிறம்

முதல் மூன்று நாளில் அவர் கண்டது வெயில் கணக்கு. மேலே, மஞ்சு விலகாத காலையில் ஓணான்கள் கறுத்துக் கிடந்தன. பாறையோடு வயிற்றை ஒட்டி, உடம்பைத் தட்டையாக விரித்து, வெயில் வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன. பதினொரு மணிக்கு அதே ஓணான்கள் வெளிறித் தெரிந்தன. உச்சி வெயிலில் கல்லிடுக்குக்குள் போய்விட்டன. கீழே முந்தலில், மாந்தோப்பு வேலியில் இருந்தவை காலை ஏழரைக்கே வெளிறிவிட்டன.

பேத்தி விளக்கினாள். நம் உடம்பு சோற்றை எரித்துச் சூடு உண்டாக்கிக்கொள்கிறது. ஓணானால் அது முடியாது. சூட்டை வெயிலிடமும் சுட்ட கல்லிடமும்தான் வாங்க வேண்டும். அதன் தோலில் கருநிறத் துகள்கள் நிறைந்த செல்கள் இருக்கின்றன. துகள்கள் செல் முழுக்கப் பரவினால் தோல் கறுக்கும். நடுவில் ஒடுங்கிக்கொண்டால் வெளிறும். கறுப்புத் துணி வெயிலில் சீக்கிரம் சுடுவதுபோல, கறுத்த முதுகு சூட்டைச் சீக்கிரம் இழுக்கும். போதுமான சூடு ஏறியதும் வெளிறிக்கொண்டால், மேற்கொண்டு ஏறும் சூடு குறையும்.

ஆஸ்திரேலியாவில் தாடி ஓணான் என்று ஒன்று உண்டு. நம் ஓணானின் குடும்பம்தான். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் அதைப் பற்றி ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதன் முதுகு வெப்பத்துக்கு ஏற்பக் கறுத்து வெளிறியது. கழுத்துத் தாடியும் நெஞ்சும் எதிரே வந்த இன்னொரு ஓணானுக்கு ஏற்ப நிறம் மாறின. வெயிலுக்கு ஒரு பகுதி, சொந்தபந்தத்துக்கும் சண்டைக்கும் இன்னொரு பகுதி என்று ஒரே உடம்பு பங்கு போட்டிருந்தது.

வெப்பம் நிறத்தோடு நிற்பதில்லை, குணத்தையும் மாற்றும். ஓணான் குடும்பத்தில் இரண்டு வகைகளை வைத்து, ரேமண்ட் ஹூயி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 1982-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. உடம்பு சூடாக இருக்கும்போது ஆபத்து வந்தால் அவை ஓடிவிட்டன. உடம்பு குளிர்ந்திருந்தபோது ஓடாமல் நின்று, வாயைப் பிளந்து கடிக்க வந்தன. குளிரில் கால் ஓடாது. ஆகவே மிரட்டிப் பார்க்கிறது.

பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அதிகாலையில் காய் எடுக்கப் போகும் பெண்கள், “இந்தக் கரட்டோணான் எம்புட்டு விரட்டினாலும் போகமாட்டேங்குது, திமிரப் பாரு” என்று சொல்வதைப் பல வருடமாகக் கேட்டிருக்கிறார். திமிர் என்று நினைத்தது குளிர்.

எதிரிக்கு ஒரு நிறம்

நான்காம் நாள் அவர் எழுதியது வேறு விதமாக இருந்தது. “பாறை உச்சியில் பெரிய ஓணான். வடக்கிலிருந்து இன்னொன்று ஏறி வந்தது. பெரியது தண்டால் எடுத்தது. முதுகு மஞ்சளாகியது. விலா ஆரஞ்சாகியது. வந்தது கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. கடி இல்லை.”

அடுத்த நாள் இன்னொரு வரி. “அதே ஓணான். பழுப்பு நிறத்தில் சின்ன ஓணான் ஒன்று வந்தது. இப்போது முதுகு சிவப்பு, விலா கறுப்பு.”

நோட்டைப் படித்த பேத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தாத்தா எழுதியிருந்ததை, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அனுராதா படப்யால், மரியா தாக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து 2017-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் வாழும் பாறை ஓணான். ஆணின் முன்னால் பெண் வந்தால் முதுகு சிவந்து, விலா நன்றாகக் கறுக்கிறது. இன்னொரு ஆண் வந்தால் முதுகு மஞ்சளாகி, விலா ஆரஞ்சாகிறது. பெண்ணுக்குக் காட்டும் நிறத்தில் எடுப்பு அதிகம். எதிரிக்குக் காட்டும் நிறத்தில் வேகம் அதிகம். பெண்ணிடம் பளிச்சென்று தெரிய வேண்டும். எதிரியிடம் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வேலியில் இருக்கும் சாதாரண ஓணானுக்கும் கணக்கு இதுபோலத்தான். கோடையில் தொடங்கும் இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் சிவக்கின்றன. வேலியில் உயரமான கம்பைப் பிடித்த ஆண் அங்கிருந்து தலையை ஆட்டி, தண்டால் எடுத்து, ‘இது என் இடம்’ என்று காட்டுகிறது. தோற்றதன் சிவப்பு மங்கிவிடுகிறது.

மங்குவதும் வெறும் அவமானம் இல்லை, அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் லிகன் என்பவர் பச்சோந்திகளின் சண்டையை ஆராய்ந்தார். 2013-ல் அவரும் கெவின் மெக்ராவும் வெளியிட்டபடி, உடம்புக் கோடுகள் அதிகம் ஒளிர்ந்த பச்சோந்தி எதிரியை நெருங்கிப் போகும் வாய்ப்பு அதிகம். தலை நிறம் வேகமாக மாறியது சண்டையில் ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த ஆண்டு லிகன் இன்னொன்றையும் எழுதினார். தோற்கிற பச்சோந்தி தன் நிறத்தைக் கறுக்கடித்துக்கொள்கிறது. ‘நான் விட்டுவிட்டேன்’ என்று அதற்குப் பொருள். அதைக் கண்டதும் ஜெயித்தது மேலே பாய்வது குறைகிறது.

நம் பேச்சில் ‘பச்சோந்தி’ என்றால் கட்சி மாறுகிறவர். பச்சோந்தியோ, ஓணானோ ஆளை ஏமாற்ற மட்டும் நிறம் மாற்றுவதில்லை. உள்ளதைச் சொல்லவும் மாற்றுகின்றன. குளிர்கிறது, சுடுகிறது, இது என் பாறை, நான் தோற்றேன், என்னைப் பார் என்பதெல்லாம் அவற்றின் தோலில் எழுதியிருக்கிறது.

இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று இடிக்கும் என்பதையும் பெரியவர் தானே கண்டுபிடித்தார். மஞ்சு நிறைந்த காலையில் பாறை உச்சியில் சண்டையே நடக்கவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் ஓணான்கள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. உச்சியில் மறுபடி ஒளிந்துகொண்டன. ஆக ஒரு நாளில் அவற்றுக்குக் கிடைப்பது சில மணி நேரம். இரை தேடுவது, இடம் காப்பது, துணை தேடுவது எல்லாம் அதற்குள். கடித்துக் குதறிக்கொண்டிருந்தால் நேரமும் போய்விடும், பருந்தின் கண்ணிலும் பட்டுவிடும். அதனால்தான் பெரும்பாலான சண்டை நிறத்தோடு முடிகிறது.

தோட்டத்துக்கு என்ன?

இதெல்லாம் தெரிந்து விவசாயிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். பெரியவரும் கேட்டார்.

ஓணான் வந்தால் பூச்சிமருந்தே வேண்டாம் என்று சொன்னால் அது பொய். ஏலத்தைக் கெடுக்கும் இலைப்பேன் மிகச் சிறியது. இலையுறைக்குள்ளும் சரத்திலும் ஒளிந்திருக்கும். தண்டுத் துளைப்பான் புழு தட்டைக்கு உள்ளே இருக்கும். வேர்ப்புழு மண்ணுக்குள் இருக்கும். ஓணானின் நாக்கு அங்கெல்லாம் எட்டாது. வெளியே நடமாடும் வண்டு, வெட்டுக்கிளி, எறும்பு, அந்துப்பூச்சி கண்ணில் பட்டால் விடாது. ஆகவே அது கூட்டாளி, வைத்தியர் இல்லை.

ஒரு சிக்கலும் உண்டு. ஏலத்துக்குத் தேனீ வந்தால்தான் காய். ஓணான் தேனீயையும் தின்னும். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதை வேலியை ஒட்டியோ, கல்கட்டை ஒட்டியோ வைக்காமல் தள்ளி, உயரமான தாங்கியில் வைப்பது நல்லது. அதற்காக வேலி ஓணானையெல்லாம் அடிக்க வேண்டியதில்லை.

ஓணான் தோட்டத்தின் நிலையையும் காட்டிக்கொடுக்கும். மகாராஷ்டிரத்தின் சத்தாரா பக்கம் சால்கேவாடி என்ற மேட்டு நிலத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. மரியா தாக்கரும் அவருடன் இருந்தவர்களும் அங்கே பார்த்ததை 2018-ல் வெளியிட்டார்கள். காற்றாலை உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள், இல்லாத இடத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். பருந்து குறைந்ததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகின. பெருகியதால் இரைக்குப் போட்டி கூடி அவை இளைத்தன. ஆண்களின் தொண்டை நிறமும் மங்கியிருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் செழிப்பு. நிறத்தைப் பார்த்தால் வாட்டம். காற்றாலையைத் தினமும் பார்க்கிற தேனிக்காரர்களுக்கு இது யோசிக்க வேண்டிய செய்தி.

வெப்பம் கூடுவதும் அப்படித்தான். மெக்சிகோவில் 1975-லிருந்து கவனித்த 200 இடங்களில், 12 சதவீத இடங்களில் அங்கிருந்த ஓணான் போன்ற பல்லியினம் அற்றுப்போனதாக பேரி சினெர்வோவும் கூட்டாளிகளும் 2010-ல் எழுதினார்கள். வெயில் கூடியதால் நிழலில் ஒளிந்திருக்கும் நேரம் கூடி, இரை தேடும் நேரம் குறைந்ததே அவர்கள் சொன்ன காரணம். ஏலத்துக்கும் வெயில் ஆகாது என்பதை 2024 கோடையில் இடுக்கிப் பக்கத் தோட்டக்காரர்கள் செடி கருகப் பார்த்தார்கள். கவாத்து என்ற பெயரில் நிழல் மரத்தை மொட்டை அடித்தால் செடிக்கும் சூடு, பாறைக்கும் சூடு. பகல் முழுக்க ஓணான் பொந்தை விட்டு வராத தோட்டத்தில் நிழல் போதவில்லையா என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

கல்கட்டு

வாரக் கடைசியில் பாறை உச்சியில் மறுபடி ஒரு சண்டை. இந்த முறை வந்ததும் பெரிய ஓணான்தான். இரண்டும் பக்கவாட்டில் நின்றுகொண்டு உடம்பை உயர்த்தி, மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிந்தன. தண்டால் மேல் தண்டால். பெரியவர் நோட்டோடு கல்கட்டின் இந்தப்புறம் உட்கார்ந்திருந்தார். அந்தப்புறம் காப்பிச்செடிக்கு நடுவில் ஒரு துண்டு தெரிந்தது. அண்ணன். எவ்வளவு நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

வந்த ஓணான் திடீரென்று வெளிறியது. மஞ்சள் போய்ச் சாம்பலானது. தலையைத் தாழ்த்திக்கொண்டு கல்கட்டுக்குள் இறங்கிவிட்டது. உச்சியில் இருந்தது அதைத் துரத்தவில்லை.

“ஏப்பா, எம்புட்டு நேரமா நடந்துச்சு இது?” என்றார் அண்ணன், பாறையைப் பார்த்தபடியே.

எட்டு வருடத்தில் முதல் பேச்சு அது. பதில் சொல்லத் தம்பிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. “அஞ்சு நிமிசம் இருக்கும்ணே.”

“அஞ்சு நிமிசம்” என்று அண்ணன் திருப்பிச் சொன்னார். பிறகு, “கல்கட்டப் பிரிக்கப் போறியாமுல்ல?” என்றார்.

“நெனச்சேன். இப்ப இல்லண்ணே. அதுக்குள்ளதான் இதுகளுக்கு வீடு.”

அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. வழக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் இறங்கினார்கள். பாறையைப் பொதுவில் விட்டுவிட்டு மற்றதை அளந்துகொள்ளலாம் என்று வக்கீல்களிடம் பேச்சு நடக்கிறது. ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் நிறம் மாற வேண்டியதில்லாத ஒரு முடிவு அது. ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்ற பழமொழியை யாரோ கேலியாகச் சொன்னதற்கு, “அந்தச் சாட்சி சரியாத்தான் சொல்லுச்சு” என்றாராம் அண்ணன்.

கல்கட்டு அப்படியே நிற்கிறது. அதில் களைக்கொல்லி அடிப்பதில்லை. வழியை மறிக்கும் கொடியை மட்டும் அரிவாளால் அறுத்துவிடுகிறார்கள். ஏலத்துக்கு மருந்தடிக்கும்போது தெளிப்பானின் முனை கல்கட்டுப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பேரன் கல்லைக் கீழே போட்டுவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டான். அவன் எழுத்தில் கடைசியாக இருக்கும் வரி: “காலை 9.40. மஞ்சு. ஓணான் கறுப்பு. தாத்தாவும் பெரிய தாத்தாவும் பாறையில் கஞ்சி குடித்தார்கள்.”